தலைமறைவான நடைவண்டி

விளையாட்டுச் சாமான்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். குழந்தை தூக்கிக்கொண்டு போவது ஒன்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது இன்னொன்று. முதல் வகை தொலைந்துபோகும். கோலிக்குண்டு சாக்கடைக்குப் போகும், சொப்பு மூடி பீரோவுக்கு அடியில் போகும், பம்பரம் எதிர்வீட்டுப் பையனின் டவுசர் பைக்குள் போகும். யாரும் கவலைப்படுவதில்லை. இரண்டாம் வகை அப்படித் தொலையாது. நடைவண்டி, ஆடுகுதிரை, மூன்று சக்கர சைக்கிள், மிதித்து ஓட்டும் தகரக் கார் எல்லாம் இருட்டில் நடந்தால் முழங்காலைப் பதம் பார்க்கும் அளவுக்குப் பெரிய உருப்படிகள். அவ்வளவு பெரிய சாமான்கள் ஒரு தலைமுறைக்குள் ஊரைவிட்டே காணாமல் போகின்றன. அப்புறம் கொஞ்ச காலம் கழித்து, விலையை மட்டும் ஏற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காத பாவனையில் திரும்பி வருகின்றன. இடையில் எங்கே இருந்தன, யார் துரத்தியது, யார் கூப்பிட்டது? குழந்தைகளைக் கேட்டுப் பயனில்லை. போகும்போதும் சரி, வரும்போதும் சரி, அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் நடைவண்டி வாங்க ஆனித் திருவிழாதான் தோது. நெல்லையப்பர் தேரை ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுத்தும் அது நிலைக்கு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும். அதே ரதவீதிக் கடையில் வாங்கிய குட்டித் தேரை ஒரு வயசுப் பொடிசு ஒண்டியாகத் தள்ளிக்கொண்டு அரை நிமிஷத்தில் அடுக்களை போய்ச் சேர்ந்துவிடும். அம்பாசமுத்திரம் கடைசல் பட்டறைச் சரக்கு அது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. பின்சக்கரங்களுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் சட்டம். அதன் உச்சியில் பிள்ளை பிடித்துக்கொள்ளக் குறுக்குக் கட்டை. கடைசலில் மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வளையம் வளையமாக ஏறும். பல் முளைக்கிற பிள்ளை இதைக் கடித்துப் பார்க்கும் என்பது செய்தவருக்குத் தெரியும். கடித்தாலும் வண்ணம் போகாது. சில சமயம் பல்தான் போகும்.

அந்த வண்டியின் உண்மையான சிறப்பு சத்தம். மரச்சக்கரம் மர அச்சில் உராய்ந்து ‘கடகட’ என்று போடும் சத்தத்தில் தார்சாவில் தூங்கும் தாத்தா எழுந்து உட்காருவார். ஆச்சி மட்டும் குறை சொல்லமாட்டாள். அடுக்களையில் அம்மியில் அரைத்துக்கொண்டே பிள்ளை தார்சாவில் இருக்கிறதா, பட்டாசலில் இருக்கிறதா என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவாள். சத்தம் வருகிறவரை கவலை கிடையாது. நின்றால்தான் அரைத்த கையோடு ஓடி வருவாள். ஒன்று, பிள்ளை வாசற்படியில் முட்டிக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் நிலைப்படி ஓரத்து மண்ணை அள்ளித் தின்றுகொண்டிருக்கும்.

நடை பழகியதும் நடைவண்டியின் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பெரியவர்கள் மட்டுமே. அப்போதுதான் அது வாகனமாகப் பதவி உயர்வு பெறும். முன்சக்கரத்துக்கும் பின்சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் கட்டையில் ஒருவன் குந்திக்கொள்வான், இன்னொருவன் குனிந்து தள்ளுவான். எங்கள் வீட்டில் அது பாபநாசம் போகும் பஸ். பூவரச இலை டிக்கெட். உட்காருகிறவன் டிரைவர், தள்ளுகிறவன்தான் எஞ்சின், கண்டக்டர், ஹாரன் எல்லாம். எஞ்சினுக்கு எப்போது டிரைவர் வேலை கிடைக்கும் என்பதில்தான் சண்டை.

இந்தச் சண்டைக்கு வயசு இரண்டாயிரம் இருக்கும். குறுந்தொகையின் 61ஆவது பாட்டில் தும்பிசேர்கீரன் தச்சன் செய்த சின்ன வண்டியைக் கொண்டுவருகிறார். ஏறி ஊர்ந்து போக முடியாவிட்டாலும் கையால் இழுத்தே சந்தோஷப்படும் பிள்ளைகளைச் சொல்கிறார். பெரியவர்களின் காதல் விவகாரத்துக்கு உவமையாகத்தான் சொன்னார் என்றாலும், தெருவில் நின்று கவனித்திருக்கிறார் மனுஷன். பட்டினப்பாலை இன்னும் ஒரு படி மேலே. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் காயப்போட்ட தானியத்தைக் கோழி கொத்த வருகிறது. பெண்கள் காதிலிருக்கும் கனத்த குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள். அந்தக் குழை விழுந்த இடத்தில் சிறுவர்கள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேர் போக வழியில்லாமல் நிற்கிறது. சோழநாட்டின் செல்வத்துக்கு இது அத்தாட்சி என்று எங்கள் தமிழ் வாத்தியார் பாடம் நடத்தினார். தமிழ்நாட்டின் முதல் போக்குவரத்து நெரிசலுக்கும் இதுதான் அத்தாட்சி என்பது என் கட்சி. இன்றைய தங்க விலையில் அந்தக் கோழி மொத்தத் தானியத்தையும் தின்று ஏப்பம் விட்டாலும் காதில் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

கரிகாலன் காலத்திலிருந்து மூன்று சக்கரத்தோடு ஓடிய வண்டி, என் மகள் பிறந்த சமயத்தில் தேடியும் கிடைக்கவில்லை. என்ன ஆயிற்று?

முதல் குற்றவாளி அதைச் செய்த ஆசாரிதான். சாமானை உழைக்கிற மாதிரி செய்து தொலைத்தார். எங்கள் வீட்டு வண்டியில் நான் நடந்தேன். எனக்குப் பின்னால் தம்பி, தங்கை, பெரியப்பா பிள்ளைகள் என்று வரிசையாக எல்லாரும் நடந்தார்கள். அச்சு தேய்ந்தால் பட்டறையில் புதுசு கடைந்து கொடுப்பார். கூலிக்குப் பதில் சில சமயம் ஒரு தேங்காய். ஒரு குடும்பம் ஒரு தலைமுறைக்கு ஒரு நடைவண்டி வாங்கினால் ஆசாரி வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? மரம் விலை ஏறிக்கொண்டே போனது. பட்டறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய பையன் ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு ஓசூர் பஸ் ஏறினான். சாகாத பொருளைச் செய்கிற தொழில் முதலில் சாகும் என்பதைப் பொருளாதாரம் படித்தவர்கள் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். அம்பாசமுத்திரத்தில் நேராகவே பார்க்கலாம்.

நடைவண்டிக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு வீட்டில் தங்காது. சொந்தத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், ‘உங்க வீட்ல சும்மாத்தானே கெடக்கு’ என்று ஆள் வந்து நிற்கும். எங்கள் வண்டி அப்படித்தான் கோவில்பட்டிச் சித்தி வீட்டுக்குப் போனது. ‘பிள்ளை நடந்ததும் அனுப்பிருதேங்க்கா’ என்பது ஒப்பந்தம். அந்தப் பிள்ளை நடந்தது, ஓடியது, பாலிடெக்னிக் முடித்தது, துபாய் போய்த் திரும்பியது, கல்யாணமும் பண்ணிக்கொண்டது. வண்டி வரவில்லை. குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் பந்தி முடிந்து வெற்றிலை மடிக்கிற நேரத்தில் அம்மா மெல்லப் பேச்சை எடுப்பாள். ‘அதைச் சாத்தூர்ல என் நாத்தனார்லா வாங்கிட்டுப் போனா’ என்பாள் சித்தி. சாத்தூர் நாத்தனாரைப் பிடித்தால் அவள் சிவகாசியைக் கை காட்டுவாள். ஒவ்வொரு கல்யாணத்திலும் வண்டி ஓர் ஊர் வடக்கே நகர்ந்தது. அம்மா கடைசியாக விசாரித்தபோது விருதுநகர் தாண்டிவிட்டதாகத் தகவல். இந்நேரம் மதுரையைக் கடந்திருக்கும்.

இரண்டாவது குற்றவாளி வீடு. நடைவண்டி ஓட நீளம் வேண்டும். தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒரே நேர்கோட்டில் கட்டிய வீட்டுக்காகச் செய்த வண்டி அது. அதற்குத் திரும்பத் தெரியாது. திரும்ப வேண்டிய அவசியமும் அந்தக் காலத்தில் இல்லை. இப்போது ஹால் என்று பத்திரத்தில் எழுதியிருக்கும் இடத்தில் சோபா, டீப்பாய், டிவி ஸ்டாண்ட், செருப்பு ஸ்டாண்ட் எல்லாம் போக மிச்சமிருப்பதில் வண்டி புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். அப்படியே ஓடினாலும் கீழே ஒரு வீடு இருக்கிறது. ஆச்சிக்குக் காவலாக இருந்த அதே ‘கடகட’, கீழ்வீட்டு சாருக்கு மத்தியானத் தூக்கத்தின் மேல் நடத்தப்படும் தாக்குதல். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் முதலில் பொதுவாக ஒரு நினைவூட்டல் வரும், பிறகு வீட்டு எண் போட்டு வரும்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்து வண்டியைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் வந்து தீர்த்துக்கட்டினான். அவன்தான் பிளாஸ்டிக் வாக்கர். வட்டமான சட்டம், சுற்றிலும் குட்டிச் சக்கரங்கள், நடுவில் துணி இருக்கை, முன்னால் தட்டு, தட்டில் ஒரு பொத்தான், பொத்தானில் ஓயாத பாட்டு. அதற்குள் இறக்கிவிட்ட பிள்ளை, சுழல் நாற்காலியில் உட்கார்ந்த வருவாய்த்துறை அதிகாரி மாதிரி, எழுந்திருக்காமலே அறை முழுக்கச் சுற்றிவரும். காலை ஓர் உதை உதைத்தால் போதும். நடக்க வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. நடைவண்டி பிள்ளையை நிற்கவைத்தது. வாக்கர் உட்காரவைத்தது. உட்காரவைப்பதற்கு வாக்கர் என்று பேர்.

குழந்தை மருத்துவர்கள் இதை வெகுநாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். நடையைச் சீக்கிரம் வரவழைப்பதில்லை, மாடிப்படியில் உருட்டிவிடுகிறது என்பது புகார். 1990 முதல் 2014 வரை அமெரிக்காவில் மட்டும் பதினைந்து மாதம் நிரம்பாத பிள்ளைகள் 2 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் வாக்கரால் அடிபட்டு அவசர சிகிச்சைக்குப் போயிருக்கிறார்கள். பெரும்பாலும் படியில் விழுந்தவர்கள். கனடா 2004லேயே தடை போட்டுவிட்டது. புதுசாக விற்பது மட்டுமல்ல, பழையதை வீட்டு வாசலில் பரப்பி விற்பதும் அங்கே குற்றம். நம் ஊரில் பெயர் சூட்டு விழாவுக்கு வரும் அத்தைகள் ஆளுக்கொன்று கொண்டுவருகிறார்கள்.

ஆடுகுதிரையின் கதை சுருக்கமானது. எங்கள் ஊர் பிள்ளைகளில் பலர் அதில் ஏறியது போட்டோ ஸ்டுடியோவில்தான். முதல் பிறந்தநாளுக்கு மை வைத்து, தலையை வாரி, மரக்குதிரையின் மேல் உட்காரவைப்பார்கள், பிள்ளை வீறிடும், ஸ்டுடியோக்காரர் கிலுகிலுப்பையை ஆட்டி அந்த ஒரு விநாடியைப் பிடிப்பார். கையில் செல்போன் வந்ததும் ஸ்டுடியோ போயிற்று, குதிரையும் கூடவே போயிற்று. அழுதுகொண்டே ஏறிய குதிரை என்பதால் அதற்காக யாரும் பெரிதாக ஏங்கியதாகத் தெரியவில்லை.

போனது எப்படி என்பது இப்படி. வருவது எப்படி என்று பார்க்கக் கொஞ்சம் வெளியூர் போகவேண்டும்.

தெற்கு வேல்ஸில் பார்கோட் என்று ஒரு சுரங்க ஊர். 1949ல் ஆஸ்டின் கார் கம்பெனி அங்கே ஒரு தொழிற்சாலை திறந்தது. வேலைக்கு எடுத்தது, நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து இனி சுரங்கத்துக்குள் இறங்க முடியாது என்று ஆகிவிட்ட தொழிலாளர்களை. செய்யச் சொன்னது, பிள்ளைகள் மிதித்து ஓட்டும் கார். பெரிய காருக்கு வெட்டி மிஞ்சிய தகட்டில், ஏ40 டெவன் என்ற நிஜக் காரின் சாயலில், ஜே40 என்ற பெயரில் அது வெளிவந்தது. பொம்மை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பானெட் திறக்கும், உள்ளே பொய் எஞ்சினும் உண்டு. டிக்கி திறக்கும். முகப்பு விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், டயருக்குக் காற்றுப் பிடிக்கவேண்டும். நான் முதன்முதலில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரில் இவற்றில் பாதிதான் வேலை செய்தது. 1971 வரை 32,000க்கு மேல் செய்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள்.

அதை மிதித்த பிள்ளைகள் மறந்துவிடவில்லை. வளர்ந்து, கடனைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தில் குட்வுட் பந்தயத் தடத்தில் நடக்கும் பழைய கார்த் திருவிழாவில் 2012லிருந்து செட்ரிங்டன் கோப்பை என்று ஜே40களுக்கென்றே ஒரு பந்தயம். பொடிசுகள் ஓடிவந்து காரில் ஏறி உயிரைக் கொடுத்து மிதிக்கிறார்கள். வீடியோவில் நான் ஓரத்தில் நிற்கும் அப்பாக்களைத்தான் பார்த்தேன். பந்தயம் யாருக்கு நடக்கிறது என்பதில் சந்தேகமே வரவில்லை. பழைய ஜே40 ஒன்று ஏலத்துக்கு வந்தால் பல ஆயிரம் பவுண்டுக்குப் போகிறது. அவ்வளவு கொட்டி வாங்கியதில் பிள்ளையை ஏறவிட எந்த அப்பனுக்கு மனசு வரும்? துணி போட்டு மூடி வைத்திருப்பான். பிள்ளை வாசலில் அட்டைப்பெட்டியை இழுத்துக்கொண்டிருக்கும்.

அமெரிக்கக் கதையில் கஞ்சியும் வருகிறது. 1969ல் மார்க்ஸ் என்ற பொம்மைக் கம்பெனி பென்சில்வேனியாவின் ஜிரார்ட் ஊரில் பிக் வீல் என்ற பிளாஸ்டிக் மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. முன்னால் ராட்சதச் சக்கரம், உட்காரும் இடம் தரையைத் தொடுகிற தாழ்வில். கவிழாது, விலையும் மலிவு, தெரு முழுக்க அதுதான். சறுக்கிச் சறுக்கி ஓட்டியதில் முன்சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்து ஓட்டையாகும். உடனே புதுசு வாங்கவேண்டும். நம் ஆசாரிக்குத் தெரியாத வியாபாரம் அது. இருந்தும் என்ன? 1972ல் கம்பெனியை வாங்கியது குவேக்கர் ஓட்ஸ். காலையில் கஞ்சி விற்கிறவர்கள் சாயங்காலம் வண்டி விற்றுப் பார்த்தார்கள், கையைச் சுட்டுக்கொண்டு 1976ல் ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தக் கம்பெனி 1980ல் படுத்தது. வண்டி மட்டும் வேறு வேறு கைகளுக்குப் போய்ப் பிழைத்தது. குழந்தைகளுக்கு அதன்மேல் சலிப்பு வந்ததாக எங்கும் தகவல் இல்லை. பொம்மையைக் கொல்வதற்குக் குழந்தைகளின் சலிப்பு தேவையே இல்லை; ஆண்டறிக்கை ஒன்று போதும்.

2009ல் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டர் அருங்காட்சியகத்தில் பிக் வீலுக்குப் புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் அதைவிடப் பெரிய மரியாதை நடக்கிறது. ஈஸ்டர் ஞாயிறன்று வளைந்து வளைந்து இறங்கும் ஒரு மலைத்தெருவில் பிளாஸ்டிக் மூன்று சக்கர வண்டிகளில் வேஷம் கட்டிய பெரியவர்கள், தொப்பையும் தாடியுமாக, முழங்கால் காதை இடிக்க, சறுக்கிக்கொண்டு வருகிறார்கள். 2000லிருந்து இது வழக்கம். வீட்டுக்காரியிடம் வீடியோவைக் காட்டினேன். ‘இவங்க பொண்டாட்டிங்க யாரும் கீழ நின்னு கேக்க மாட்டாங்களா?’ என்றாள்.

இதிலிருந்து நான் ஒரு சூத்திரம் கண்டிருக்கிறேன். காணாமல் போன வாகனம் திரும்பி வர ஆகும் காலம், அதில் ஏறிய பையன் வளர்ந்து சம்பளம் வாங்கி, வீட்டுக்கடன் போக நாலு காசு மிச்சம் பார்க்க ஆகும் காலம். அதற்கு முன் வராது. மிச்சம் பார்க்காத தலைமுறையின் பொம்மை வரவே வராது. தென்னை மட்டையில் ஒருவனை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு ஓடினோமே, அது எந்தச் சந்தைக்கும் திரும்பி வரவில்லை பாருங்கள். அதை விற்றவனும் இல்லை, வாங்கியவனும் இல்லை.

நடைவண்டி திரும்பியதில் அரசாங்கத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. 2020ல் வெளிநாட்டுப் பொம்மைக்கு இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக ஏற்றினார்கள்; 2023ல் 70. பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021லிருந்து கட்டாயம். மலிவுப் பிளாஸ்டிக் கொஞ்சம் பின்வாங்கிய சந்தில் மரம் உள்ளே வந்துவிட்டது. ஆனால் வந்தது நம் பழைய ஆள்தானா என்பதில் எனக்குச் சந்தேகம்.

பேத்திக்காக மகள் போனிலேயே ஆர்டர் போட்டு வரவழைத்தாள். பெட்டியைப் பிரித்தால் மூன்று சக்கரம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, குறுக்குக் கட்டை இருக்கிறது. கூடவே ஒரு கையேடும் இருக்கிறது. ஆச்சி எதையும் படிக்காமல்தான் எங்களை நடக்கவைத்தாள். வண்ணம் இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை எதுவும் இல்லாமல் வெறும் மர நிறம். குழந்தையின் கண்ணுக்கு அதுதான் இதம் என்று கையேடு சொல்கிறது.

‘சாயம் ஏத்த மறந்துட்டானோ?’ என்றாள் வீட்டுக்காரி.

‘இயற்கையா இருக்கணும்னுதாம்மா இப்படி’ என்றாள் மகள்.

‘அதுக்கு மரத்தையே வாங்கியிருக்கலாமே.’

சக்கரத்தைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறார்கள். தள்ளினால் சத்தம் என்பதே கிடையாது. கீழ்வீட்டு சாருக்கு விடுதலை. எங்களுக்குத்தான் அடுக்களையில் நின்றுகொண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் எட்டிப்பார்க்க வேண்டியிருக்கிறது. பேத்தி அதைப் பிடித்துக்கொண்டு நாலடி நடப்பாள். அப்புறம் விட்டுவிட்டு, கேஸ் சிலிண்டர் நகர்த்தும் சக்கரத் தட்டைப் பார்த்துத் தவழ்வாள். சிலிண்டர் இறங்கி, தட்டு காலியாகக் கிடக்கும் நாள் வந்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. ஏறி உட்கார்ந்து, கட்டை விரலால் தரையைக் காட்டுவாள். தள்ளு என்று அர்த்தம். நான் எஞ்சின். தட்டு முழுக்கத் துரு, ஒரு சக்கரம் கோணல், சத்தம் தெருமுனை வரை கேட்கும். அவளுக்கு அதுதான் வேண்டியிருக்கிறது.

போன வாரம் கோவில்பட்டியிலிருந்து போன். அந்தப் பாலிடெக்னிக் பிள்ளைதான். இப்போது அவனே தாத்தா ஆகிவிட்டான்.

‘அண்ணே, பேரனுக்கு எட்டு மாசம் ஆவுது. நீங்க நடைவண்டி வாங்கியிருக்கீங்களாம்லா. வெலையக் கேட்டா இங்க மயக்கமே வந்துருச்சு. உங்க வீட்ல சும்மாத்தானே கெடக்கு? பிள்ளை நடந்ததும் நானே கொண்டாந்து தந்துருதேன். மதினிகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க.’

போனைப் பொத்திக்கொண்டு மதினியைக் கேட்டேன்.

‘குடுத்துவிடுங்க’ என்றாள். ‘பழையதாவது எங்கயாச்சும் ஓடுனா சத்தத்த வச்சுக் கண்டுபிடிக்கலாம்னு அத்தைக்கு ஒரு நம்பிக்க இருந்துச்சு. இதுல நமக்கு அந்தத் தொல்லையும் கெடையாது.’